கையை நீங்க பாருங்க

பெரிய டாக்டர் எல்லார் முன்னிலையிலும் தோளில் தட்டியபோது, குமிழி மாமாவின் சட்டைப்பையிலிருந்து சோப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சிகிச்சை அறையிலிருந்து வெளியே வரும் அவசரத்தில் குமிழி ஊதும் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகாமல் பைக்குள் போட்டுவிட்டார். ஈரம் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் மறைக்கவும் தோன்றாமல் நின்றார்.

"மயக்க மருந்து கிடையாது. யாரும் அமுக்கிப் பிடிக்கல. காயத்துக் கட்டு முழுசும் மாத்தியாச்சு. நம்ம வார்டுல இதுவரைக்கும் நடந்திருக்கா?" என்று டாக்டர் பயிற்சி மருத்துவர்களைப் பார்த்துக் கேட்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "எல்லாம் இவராலதான். நான் காயத்த மட்டும்தான் பாத்தேன்" என்றார். பயிற்சி மருத்துவர்களில் ஒரு பெண் கைதட்டவே தொடங்கிவிட்டாள். சிஸ்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். இந்தத் தட்டலுக்காகத்தான் குமிழி மாமா இத்தனை வருஷம் காத்திருந்தார். கனவில்கூட வந்திருக்கிறது. ஆனால் இப்போது கை தோளில் விழுந்ததும் அவருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார். அடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'விளையாட்டு நிபுணர்' என்று போட்டிருக்கும். புதிதாக வரும் அப்பாக்கள் அதைப் படித்துவிட்டு அவருடைய தொப்பையையும் பார்ப்பார்கள். "விளையாட்டுன்னா, ஓட்டப்பந்தயம் மாதிரியா சார்?" என்று ஒருவர் மெய்யாகவே கேட்டிருக்கிறார். மச்சினன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "விளையாடுறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்க மச்சான்தான்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான். குமிழி மாமாவும் கூடச் சிரித்துவைப்பார். விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் விட்டுவிட்ட விஷயம் அது. மருந்து கொடுப்பதில்லை, கட்டுப் போடுவதில்லை. குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார், அவ்வளவுதான். ஊசி இல்லாத சிரிஞ்சில் வண்ணத்தை நிரப்பிக் காகிதத்தில் பீய்ச்ச வைப்பார். இரண்டு நாளில் சிரிஞ்சைக் கண்டு அலறிய பிள்ளை, "எனக்குப் பெரிய சிரிஞ்சு" என்று சண்டை போடும். கண் மூக்கு வரையாத துணிப்பொம்மை ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுப்பார். முகத்தை அவர்களே வரைந்துகொள்ளலாம். நாளைக்குத் தனக்கு என்ன நடக்கப் போகிறதோ அதை இன்றைக்குப் பொம்மைக்குச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டு அறைக்கு வெளியே ஒரு கொக்கி இருக்கிறது. வெள்ளைக் கோட்டை அதில் மாட்டிவிட்டுத்தான் யாராக இருந்தாலும் உள்ளே வர வேண்டும். ஊசி, மருந்து, கத்தரிக்கோல் எதுவும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் பெரிய டாக்டர் இதைப் பெரிய கேலியாக்கினார். "செருப்பையும் கழட்டணுமா?" என்று கேட்டுவிட்டுக் கோட்டோடு உள்ளே வந்தவர்தான். அன்றைக்கு மூன்று பிள்ளைகள் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த அறைப் பக்கமே வரவில்லை. எப்போதாவது வராந்தாவில் எதிரே பார்த்தால், "என்ன, இன்னிக்கு என்ன விளையாட்டு?" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

குமிழி மாமாவுக்குத் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. 'வலிக்காது' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவைக்க முடியாது. வலிக்கும் என்றால் வலிக்கும் என்றுதான் சொல்வார். எங்கே, எப்படி, எது வரைக்கும் என்பதையும் சொல்வார். "ஒண்ணுமே பண்ண மாட்டாங்கடா கண்ணு" என்று பிள்ளையைச் சமாதானப்படுத்தும் அப்பா அம்மாக்களை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "ஒரு தடவ பொய் சொல்லி உள்ள கொண்டுபோயிரலாம். அடுத்த தடவ எதச் சொல்லிக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்பார். இதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமே உண்டு.

வக்கீலம்மா வார்டுக்கு வந்தபோது யாரோடும் பேசவில்லை. ஏழு வயது. சுடுதண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வலது தொடை வெந்திருந்தது. முதல் முறை கட்டு மாற்றியபோது நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். அதற்கப்புறம் மயக்க மருந்து கொடுத்து மாற்றினார்கள். மயக்க மருந்து என்றால் காலையிலிருந்து பட்டினி, மாலை வரைக்கும் வாந்தி. ஒருநாள் விட்டு ஒருநாள் இதே கதை. பிள்ளை துரும்பாகிவிட்டாள். குமிழி மாமா அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல், பொம்மையின் தொடையில் கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுநாளும் சுற்றினார். மூன்றாவது நாள் மேலேயிருந்து, "அப்படிச் சுத்துனா அவுந்துரும்" என்று குரல் வந்தது. அதற்கப்புறம் அவள் வாயை மூட வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை. சிஸ்டர்தான் வக்கீலம்மா என்று பெயர் வைத்தார்.

மயக்க மருந்து இல்லாமல் கட்டு மாற்றலாம் என்று குமிழி மாமா பேச்செடுத்தபோது அவள் உடனே சம்மதிக்கவில்லை.

"வலிக்குமா?"

"வலிக்கும். முன்னாடியே வலிக்கு மருந்து குடுத்துருவாங்க. ஆனாலும், ஒட்டிக்கிட்டிருக்கிற துணிய எடுக்கும்போது வலிக்கும். நீ கையத் தூக்குனா நிறுத்திருவாங்க."

"எவ்ளோ நேரம்?"

"நீ பத்து எண்ணுற வரைக்கும்."

"மெதுவா எண்ணலாமா?"

"உன் இஷ்டம்."

"எத்தன தடவ தூக்கலாம்?"

"எத்தன தடவ வேணும்னாலும்."

அவள் பொம்மையின் கையை மேலே தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள். "டாக்டர் நிறுத்தலன்னா?"

"நான் நிறுத்துவேன்" என்றார் குமிழி மாமா. சொல்லும்போது அவருடைய குரல் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது என்பது அவருக்கே தெரிந்தது.

பெரிய டாக்டரைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. நாலு தடவை அவர் அறை வாசலில் போய் நின்றார். கடைசியில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, ஒரு தடவ பாக்கலாம். ஆனா ஒண்ணு. நான் காயத்ததான் பாப்பேன், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்க முடியாது. கையை நீங்க பாருங்க. நீங்க நிறுத்துன்னா நிறுத்துறேன். போகலாம்னா போறேன்" என்றார். இதைவிட நியாயமாக ஒரு மனிதரால் பேச முடியாது. குமிழி மாமா அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனார்.

அப்படி வந்த காலைதான் இது. இந்தத் தடவை பட்டினி இல்லாமல், சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள் வக்கீலம்மா. பொம்மை அவள் இடுப்பில் இருந்தது. அம்மா தலைமாட்டில் நின்று, மகளின் தலைமுடிக்குள் விரலை விட்டுக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். காயத்தைப் பார்க்க அவளால் முடியாது. சிஸ்டர் உப்புநீர் ஊற்றி நனைத்தார். டாக்டர் குனிந்தார். பயிற்சி மருத்துவர்கள் அவருடைய முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். குமிழி மாமா இந்தப் பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து குமிழி ஊதினார். அவள் ஊதி உடைக்க வேண்டும். ஊதும்போது மூச்சு நீளமாகும், நீளமானால் உடம்பு தளரும். முதல் தடவை கை எழுந்தது. "நிறுத்துங்க டாக்டர்." டாக்டர் நிறுத்தினார். அவள் பத்து எண்ணினாள். கொஞ்சம் போனது. இரண்டாவது தடவை எழுந்தது. "நிறுத்துங்க டாக்டர்." இந்தத் தடவை அவள் ரொம்ப மெதுவாக எண்ணினாள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் டாக்டர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ச்சு" என்று ஒரு சத்தம் அவர் நாக்கிலிருந்து வந்தது. கோபம்கூட இல்லை. மழை வருமா என்று பார்த்துவிட்டுப் போடும் சத்தம் மாதிரிதான். ஆனால் அது குமிழி மாமாவின் முதுகுத்தண்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுபடியும் தொடங்கினார்கள். ஓரத்தில் ஒரு துண்டுதான் பாக்கி. அது நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் தலை நிமிராமல், "போகலாமா?" என்று கேட்டார். அந்த நேரத்தில்தான் மூன்றாவது தடவையாகக் கை எழுந்தது. கட்டிலுக்கு மேலே முழுசாக, விரல் ஐந்தும் விரித்து. சிஸ்டர் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா அவர் கண்ணைப் பார்த்தாள், அவரும் அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு அவர் பார்வையை எடுத்து, முகட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு குமிழியின் மேல் வைத்தார்.

"போகலாம் டாக்டர்" என்றார். "இதோ முடிஞ்சிருச்சு, இதோ முடிஞ்சிருச்சு" என்று அவளிடம் சொன்னார். முடிந்திருக்கவில்லை. அவள் கத்தவில்லை, உதறவில்லை. கை மட்டும் மேலேயே நின்றது. எல்லாம் முடிந்து புதுக் கட்டுச் சுற்றத் தொடங்கிய பிறகுதான் இறங்கியது.

அதற்குத்தான் இப்போது வராந்தாவில் கைதட்டல்.

அம்மா ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "உங்கள எங்க அண்ணன் மாதிரி நெனச்சுச் சொல்றேன். அந்தப் பாத்திரத்த ஓரமா வச்சது நான்தாண்ணே. தினமும் அவகிட்ட மன்னிப்புக் கேக்குறேன். அவ என்ன சொல்றா தெரியுமா? 'நீ வேணும்னு வைக்கலையேம்மா'ங்குறா. இந்த வயசுல என்ன பேச்சு பாருங்க" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். குமிழி மாமா கையை உருவிக்கொண்டார். "பாட்டில் கொட்டிருச்சு, சட்டைய மாத்திட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு விளையாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மாலையில் எல்லாப் பொம்மைகளையும் கிருமிநாசினி போட்டுக் கழுவுவது அவர் வேலை. கட்டைகள், கார்கள், சமையல் சாமான்கள், சிரிஞ்சுகள். தொட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேரை அந்தச் சின்ன நாற்காலிகளில் உட்கார வைத்து அவர் வகுப்பெடுத்திருக்கிறார். புது நர்ஸுகளிடம், "பிள்ளைங்க உடம்புல ஒவ்வொரு எடமும் ஒவ்வொருத்தர் கைக்குப் போயிருச்சு. அவங்க கையில மிச்சமிருக்கிறது அந்த ஒரு கைதான். அதத் தூக்கினா உலகம் நிக்கணும்" என்று சொல்வார். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவார், பாடம் இறங்கட்டும் என்று. அந்த நிறுத்தத்தை இப்போது நினைத்ததும் காது மடலெல்லாம் சுட்டது. ஒரு 'ச்சு'வுக்கு. ஒரே ஒரு 'ச்சு'வுக்கு விற்றுவிட்டார். டாக்டர் கட்டாயப்படுத்தியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். அந்த மனிதரோ கேட்டுவிட்டுத்தான் செய்தார். தேய்த்த காரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் கதவில் ஒட்டியிருந்த படம் உரிந்து கையோடு வந்துவிட்டது.

வீட்டில் மனைவிக்கு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தது. சிஸ்டர் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். அவள் தன் தம்பிக்கு வேறு சொல்லிவிட்டாள். "இனிமே அவன் வாயத் தெறக்கட்டும், பேசிக்கிறேன்" என்று சந்தோஷமாகத் தட்டை வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏங்க, ஒரு மாதிரி இருக்கீங்க? எத்தன வருஷம் பொலம்புனீங்க, ஒரு மனுஷன் மதிக்க மாட்டேங்குறான்னு. இப்ப மதிச்சுட்டாங்க. மூஞ்சில ஈயாடல."

"அந்தப் பிள்ள ஒரு தடவ கையத் தூக்குச்சு" என்றார். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மனைவி கரண்டியோடு நின்று அவரையே பார்த்தாள். "நான் கவனிக்கல" என்று முடித்தார்.

"அவ்ளோதானா? கவனிக்காமப் போறதுக்கு என்ன பண்ண முடியும்? வேணும்னேவா பண்ணீங்க?" என்று அவள் பெருமூச்சு விட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டார். இருபத்து மூன்று வருஷமாகக் கூடவே இருப்பவளிடம் பொய் சொல்லிவிட்டோம் என்பதைவிட, அந்தப் பொய் அவருக்கு இதமாக இருந்ததுதான் அவரை அருவருக்க வைத்தது. படுத்த பிறகும் அந்த வார்த்தையை மனசு எடுத்து எடுத்துப் பார்த்தது. கவனிக்கல. கவனிக்கலதானே? குமிழியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்? இன்னும் இரண்டு நாள் போனால் தானே அதை நம்பிவிடுவோம் என்று தோன்றியது. அந்தப் பிள்ளையிடமும் அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். மன்னிப்பு கேட்ட மாதிரியும் ஆயிற்று, மானம் போகாத மாதிரியும் ஆயிற்று.

அடுத்த கட்டு மாற்றும் நாளில் வக்கீலம்மாவிடம் பேச அவருக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பது சும்மா. காலையிலிருந்து இரண்டு தடவை அவள் கட்டில் வரைக்கும் போய்விட்டு, பக்கத்துக் கட்டில் பையனிடம் கதை பேசிவிட்டுத் திரும்பிவிட்டார். சிகிச்சை அறையில் அவள் தானே கட்டிலில் ஏறிப் படுத்தாள். பொம்மையைக் கொண்டுவரவில்லை. அவர் ஊதிய குமிழிகள் அவள் முகத்துக்கு மேலேயே மிதந்துவிட்டுத் தானாக உடைந்தன. அவள் ஊதவில்லை. டாக்டர் துணியை உரித்தபோது அவள் கழுத்து நரம்பு புடைத்தது, பல்லைக் கடித்த சத்தம் அவருக்குக் கேட்டது. இரண்டு கையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்த மாதிரி கிடந்தன.

"நிறுத்துங்க டாக்டர்" என்றார் குமிழி மாமா.

டாக்டர் உடனே கையை எடுத்தார். "தூக்குனாளா?"

"இல்ல." குனிந்து அவளிடம், "வலிக்குதாம்மா? கையத் தூக்கலாம். மாமா பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார்.

"பரவால்ல மாமா" என்றாள் அவள்.

பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் ஆளிடம் பெரியவர்கள் சொல்லும் அதே பரவாயில்லை. அவ்வளவு மரியாதை. குறுக்கு விசாரணை செய்யும் அந்தக் குரலில் இப்படியொரு மரியாதையை அவர் கேட்டதே இல்லை. ஒரு தடவைகூடக் கை எழாமல் முழுக் கட்டும் மாற்றி முடிந்தது. "தங்கம்! எங்க வார்டுக்கே நீதான் சமத்து" என்று சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டினார். "பாத்தீங்களா, பழகிட்டா" என்றார் டாக்டர். குமிழி மாமா பாட்டிலை ஒழுங்காக மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இந்த வார்டில் சமத்துப் பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறார். கத்திக் கத்திப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துபோன பிள்ளைகள் அப்படித்தான் ஆவார்கள். அவர்களை மறுபடியும் கத்த வைப்பதற்காகத்தான் இந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

காயம் ஆறிக்கொண்டு வந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சத்துக்கு வந்து வந்து போனால் போதும். போவதற்கு முந்தைய நாள், "நாளைக்கு வேற வார்டுலேருந்தும் டாக்டருங்க வர்றாங்க. அந்தக் கை தூக்குற முறைய நீங்கதான் அவங்களுக்குச் சொல்லித் தரணும். உங்க அறைக்கே கூட்டிட்டு வர்றேன். கோட்டக் கழட்டிட்டுத்தான்" என்று அவர் சிரித்தார். குமிழி மாமாவும் பதிலுக்குச் சிரித்துவிட்டார். பழக்க தோஷம்.

மறுநாள் காலை வக்கீலம்மா விளையாட்டு அறையில் தனியாக இருந்தாள். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். பொம்மை மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அதன் இரண்டு கையையும் உடம்போடு சேர்த்துக் கட்டுத்துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். இறுக்கமாக, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவிழாமல். அவர் பக்கத்தில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கைய ஏன் கட்டுற?"

"அவளுக்குத் தேவையில்ல."

படுக்கையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் தயாராக இருந்தது. "அன்னிக்கு மாமா ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. நீ மூணாவது தடவ கையத் தூக்குனது, மாமா சரியா கவனிக்காம…"

"பொய்" என்றாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "பாத்தீங்க. என் கண்ணப் பாத்தீங்க. அப்புறம் குமிழியப் பாத்தீங்க."

இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அவரைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை. வராந்தாவுக்கு அவர் தள்ளிக்கொண்டு போன எல்லா அப்பா அம்மாக்களும் வரிசையாக வாசலில் வந்து நின்று பார்ப்பது போலிருந்தது. "ஆமா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "ஆமாம்மா. பாத்தேன்."

"அப்புறம் ஏன் போகலாம்னு சொன்னீங்க?"

"டாக்டர் ஏதாவது நெனச்சுக்குவாரோன்னு பயந்துட்டேன்."

பெரிய ஆள் ஒருவர் இன்னொரு பெரிய ஆளைப் பார்த்துப் பயப்படுவது அவளுக்கு நம்பும்படியாக இருந்ததா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. பிறகு எழுந்து, காலை லேசாக இழுத்துக்கொண்டே போய், மூலையிலிருந்த விளையாட்டுக் கட்டிலைக் காட்டினாள்.

"படுங்க."

பிள்ளைகள் அளவுக்குச் செய்த கட்டில். அவர் படுத்ததும் கால் இரண்டும் முழங்காலிலிருந்து வெளியே தொங்கின. தொப்பை முகட்டைப் பார்த்தது. மற்ற நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். அவள் அவர் தொடையில் பேண்டுக்கு மேலே கட்டுத்துணியைச் சுற்றி, அதை மறுபடியும் அவிழ்க்கத் தொடங்கினாள். "வலிக்கும். வலிச்சா கையத் தூக்குங்க. நிறுத்துவேன்" என்றாள். அவர் சொன்ன அதே தொனி. அந்தப் பெருத்த குரலையும் சேர்த்தே எடுத்திருந்தாள்.

அவர் வலது கையைத் தூக்கினார். விரல் ஐந்தும் விரித்து.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, முகட்டைப் பார்த்து ஊதினாள். "இதோ முடிஞ்சிருச்சு" என்றாள். "இதோ முடிஞ்சிருச்சு." ஒரு கையால் துணியை உருவிக்கொண்டே மறுபடியும் ஊதினாள். குமிழிகள் அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டு மேலே போயின. வலி ஒன்றுமில்லை. துணி பேண்டில் உரசும் சத்தம்தான். ஆனாலும் தூக்கிய கையைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவருக்கே தெரியாது. இப்போது தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

கதவு திறந்தது. வெளியே கொக்கியில் கோட்டை மாட்டிவிட்டுப் பெரிய டாக்டர் வெறும் சட்டையோடு உள்ளே வந்தார். பின்னால் பயிற்சி மருத்துவர்கள், அவர்களுக்குப் பின்னால் வேறு வார்டு டாக்டர்கள் இரண்டு பேர், எல்லாரும் கோட்டில்லாமல், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் மாதிரி. "இவர்தான் நான் சொன்னவர்" என்று தொடங்கிய டாக்டர், கட்டிலையும் மேலே நின்ற கையையும் பார்த்துச் சிரித்தார். "அட, செஞ்சே காட்டுறீங்களா?"

கையை இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தால் போதும். விளையாட்டு, அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. வக்கீலம்மா வாசல் பக்கம் திரும்பவேயில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன செய்யப்போகிறார் என்று.

"டாக்டர்" என்றார் குமிழி மாமா, படுத்தபடியே. "அன்னிக்கு மூணாவது தடவையும் இவ கையத் தூக்குனா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போகலாம்னு சொன்னேன்."

சிரிப்பு டாக்டரின் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். துணியை உரித்த கை. கைதட்டிய அந்தப் பயிற்சி மருத்துவர் தரையைப் பார்த்தாள். வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். மருந்துப் பையோடு வந்து எல்லாருக்கும் பின்னால் நின்ற அம்மா, "என்னண்ணே?" என்றாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

குமிழி மாமாவின் கை மேலேயே நின்றது.

வக்கீலம்மா துணியை உருவுவதை நிறுத்தினாள். பாட்டிலைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள், கவிழாமல், உள்ளே தள்ளி.

"ஒண்ணு" என்றாள்.

அறை முழுக்க இரண்டுக்காகக் காத்திருந்தது. அவள் அவசரப்படவில்லை. முகட்டிலிருந்து கடைசிக் குமிழி ஒன்று இறங்கி வந்து டாக்டரின் சட்டையில் பட்டு உடைந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தூக்கிய கை தோளிலிருந்து கடுக்க ஆரம்பித்தது. அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு கை தானாக எழுந்தது. குமிழி மாமா அதைப் பாதியிலேயே கீழே வைத்துக்கொண்டு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.